மாவில் விழாத தடம்

என் வீட்டுப் பரணில் ஒரு மூங்கில் கூடை இருக்கிறது. சாணத்தையும் வெந்தயத்தையும் அரைத்துப் பூசி வெயிலில் காயவைத்த பழைய காலத்துக் கூடை. பூச்சு பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. விளிம்பில் ஓரிடத்தில் மூங்கில் பிளந்துபோய், அங்கே செம்புக் கம்பியால் சுற்றிக் கட்டியிருக்கிறது. கட்டியவன் நான்தான். தீபாவளிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது மருமகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு, தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டாள். ஓசூரில் அடுக்குமாடியில், ஜன்னலைத் திறந்தால் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக நிற்பது தெரியும் வீட்டில், இந்தக் கூடைக்கு என்ன வேலை என்று அவள் நினைத்தது நியாயம்தான். இருக்கட்டும் என்றேன். கிழவர்களுக்கு இப்படி ஏதாவது ஒன்று இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள்.

கூடை என் அக்காவுடையது. அக்கா வாழ்ந்தது பாகலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், கேழ்வரகும் அவரையும் விளைகிற காட்டின் ஓரத்தில். நான் வேலை பார்த்தது பெங்களூரில், வானவெளியிலிருந்து பூமிக்கு வந்துகொண்டே இருக்கும் கண்ணுக்குத் தெரியாத துகள்களை ஆராய்கிற ஓர் இடத்தில். இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடவே முடியாது என்றுதான் நான் நினைத்திருந்தேன். முடிச்சு விழுந்தது. அக்கா, எங்கள் பேராசிரியர், நான், மூவரும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துப் பார்த்தோம். அது இன்னும் இறுகியதே தவிர அவிழவில்லை.

எனக்கு அங்கே வேலை கிடைத்தது படிப்பினால் அல்ல. கணக்கு எனக்கு வரவே வராது. ஆனால் ஓசூர்ப் பக்கத்துக்காரன் என்பதால் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வாயில் புரளும். பலூன்களில் பெட்டி கட்டி வானத்துக்கு அனுப்புவார்கள். அது காற்று போகிற போக்கில் போய் எந்த ஊர்க் காட்டிலாவது விழும். விழுந்த ஊரில் நாலு பேரிடம் நல்லவிதமாகப் பேசிப் பெட்டியை வாங்கி வர ஆள் வேண்டியிருந்தது. பலூன் பறக்காத மாதங்களில் என்னைச் சும்மா வைத்துச் சம்பளம் கொடுக்க மனமில்லாமல் ஒரு மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தார்கள். உட்கார்ந்தவன் ஓய்வு பெறுகிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

பெட்டிக்குள் இருப்பவை கண்ணாடித் தட்டுகள். போட்டோ பிலிமில் பூசுகிற மருந்தைத் தட்டின் மேல் தடிமனாகப் பூசியிருப்பார்கள். துளி வெளிச்சம் படாமல் கறுப்புக் காகிதத்தில் சுற்றி மேலே அனுப்புவோம். உயரத்தில் அந்த மருந்தின் ஊடே ஏதாவது துகள் பாய்ந்து போனால், போன வழி முழுக்க மிகச் சிறிய கறுப்புப் புள்ளிகள் வரிசையாக விழும். தட்டைக் கழுவி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் அந்த வரிசை தெரியும். துகள் எப்போதோ போய்விட்டிருக்கும், அல்லது அழிந்தேவிட்டிருக்கும். கண் இமைக்கிற நேரத்தைக்கூட அவற்றில் பலவற்றின் ஆயுளோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் வந்து போனதற்குத் தடம் இருக்கும். அந்தத் தடத்தைத் தேடுவதுதான் என் வேலை. காலையில் உட்கார்ந்தால் மாலையில் எழும்போது சுவரில், சாப்பாட்டுத் தட்டில், எங்கே பார்த்தாலும் புள்ளி வரிசையாகத் தெரியும்.

பேராசிரியர் கும்பகோணத்துப் பக்கம். நெற்றியில் விபூதி இல்லாமல் அவரை நான் பார்த்ததில்லை. ஒருநாள் ஒரு மடத்திலிருந்து பெரியவர் ஒருவர் ஆராய்ச்சியைப் பார்க்க வந்தார். மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்த்துவிட்டு நெகிழ்ந்துபோய், உயிர் போகிற வழியே இப்படித் தெரிகிறது என்று சொல்லலாமா என்று கேட்டார். “சொல்லக்கூடாது” என்றார் பேராசிரியர். “இந்தத் தட்டுல நான் விபூதியைத் தேடினா என் வேலை கெட்டுடும். விபூதியில இதைத் தேடினா சாமி கோவிச்சுக்கும்.” பெரியவர் சிரித்தாலும் அவருக்கு ஏமாற்றம்தான். அவர் போனபிறகு எங்களில் ஓர் இளைஞன், இத்தனை தட்டில் ஒரு தட்டிலும் கடவுள் அகப்படவில்லையே என்று கிண்டலாகச் சொன்னான். பேராசிரியர் அவனையும் விடவில்லை. “தட்டை அதுக்காகவா வெச்சோம்? எதுக்கு வெச்சமோ அதைப் பாரு” என்றார். இரண்டு பக்கமும் கதவைச் சாத்திவிட்டு நடுவில் நிம்மதியாக வேலை பார்த்தவர் அவர். எனக்கு அது பிடித்திருந்தது.

நான் வேலையில் சேர்ந்த மறு வருடம் மாசியில் அக்காவின் பிள்ளை போய்விட்டான். மூன்று வயது முடிந்திருந்தது. நான்கைந்து நாள் காய்ச்சல். கை வைத்தியம் பார்த்துப் பார்த்து, கடைசியில் மாட்டு வண்டி கட்டி ஓசூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். தங்கள் ஊர் இன்னும் கண்ணுக்குத் தெரிகிற தூரத்திலேயே பிள்ளையின் மூச்சு நின்றுவிட்டது. மாமா வண்டியைத் திருப்பினார். திரும்பி வருகிற வழியெல்லாம் அக்கா பிள்ளையின் தலையில் வெயில் படாமல் முந்தானையைப் பிடித்துக்கொண்டே வந்தாளாம். இதை மாமா எனக்குச் சொன்னபோது அவர் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தாங்கவில்லை.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் பெரியவர்கள் இறந்தால், காரியத்துக்கு முந்தின நாள் பொழுது சாயும்போது, தரையை மெழுகி அரிசி மாவை மெல்லியதாகச் சலித்துப் பரப்புவார்கள். அதைக் கூடையால் மூடிக் கதவைச் சாத்திவிடுவார்கள். விடிந்ததும் கூடையை எடுத்துப் பார்த்தால், போனவர் வந்து போன தடம் மாவில் இருக்கும் என்பது நம்பிக்கை. குருவிக் கால் மாதிரி இருக்கிறது, கன்றுக்குட்டிக் குளம்பு மாதிரி இருக்கிறது என்று பெரியவர்கள் பார்த்துச் சொல்வார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு இந்த வழக்கம் கிடையாது. அவர்களைப் புதைத்துவிட்டு வந்து தலை முழுகினால் அதோடு சரி. ஆனால் அக்கா பிடிவாதமாக நின்றாள். பிள்ளை படுக்கிற மூலையில் அவளே மாவைப் பரப்பி, இந்தக் கூடையால் மூடினாள்.

மறுநாள் விடிந்து பார்த்தபோது மாவில் ஒன்றுமில்லை. பரப்பியது பரப்பியபடி இருந்தது. அக்காவின் மாமியார் கொஞ்சநேரம் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “காத்தாட்டம் இருந்த கொழந்த. கனமில்லாததுக்கு ஏது தடம்? வரலைன்னே வெச்சுக்கம்மா. வராம இருக்கறது நல்லது. அதுக்கு இங்க ஒரு கொறையும் இல்ல, நிம்மதியா போயிடுச்சின்னு அர்த்தம்” என்றார். அந்த அம்மாள் கடுமையான ஆள்தான், ஆனால் அன்றைக்கு அவர் சொன்னது கருணையால் சொன்னது. எனக்கும் அது நல்ல முடிவாகப் பட்டது. வரவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டான். இதைப் பிடித்துக்கொண்டு அக்கா எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

அக்கா அந்தச் சொல்லில் வேறு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். நான் பெங்களூருக்குக் கிளம்பும்போது மாட்டுக் கொட்டகைப் பக்கம் கூப்பிட்டுச் சொன்னாள். “காச்ச வர்றதுக்கு மொத நாளு மாவு சலிச்சிட்டிருந்தேன்டா. ஓடி வந்து ரெண்டு காலையும் மாவுல வெச்சிட்டான். முதுவுல ஒண்ணு வெச்சேன். இனிமே மாவுல கால் வெப்பியா வெப்பியான்னு கேட்டேன். வெக்க மாட்டேன்னு அழுதான். அதான்டா வெக்கல.” பிள்ளைகள் அதையெல்லாம் மறந்துவிடும் என்று ஏதோ சொன்னேன். அவள் கேட்டுக்கொள்ளவில்லை. அந்த வருடம் முழுக்க அக்கா அடுப்பு மூட்டினாள், களை எடுத்தாள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், யார் கேட்டாலும் பதில் சொன்னாள். முகத்தில் மட்டும் ஆள் இல்லை.

அடுத்த மார்கழியில் எங்கள் பலூன் ஒன்று பாகலூர்ப் பக்கம் விழுந்தது. பேராசிரியருக்கு அந்தத் தட்டுகளின் மேல் உயிர், அதனால் அவரே ஜீப்பில் வந்தார். ஜூஜுவாடி தாண்டி ஓசூருக்கு வருகிற சாலையில் அப்போதெல்லாம் எதிரே ஒரு லாரி வந்தால் அது ஒரு விசேஷம். கொள்ளுக் காட்டில் விழுந்திருந்த பெட்டிக்கு ஊர்க்காரர்கள் மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்துத் தேங்காய் உடைத்திருந்தார்கள். பெட்டியை யாரும் திறக்காததில் பேராசிரியருக்குப் பெரிய நிம்மதி. “வானத்துல இருந்து வந்ததுங்க, சும்மா எப்பிடிங்க தூக்கிக் குடுக்கறது?” என்றார் ஊர்க்கவுண்டர். இது சாமி இல்லை, பெங்களூரிலிருந்து வந்தது என்று பேராசிரியர் விளக்கினார். அதைக் கேட்டதும் கூட்டத்துக்கு உற்சாகம் போய்விட்டது. பெங்களூரை அவர்கள் சந்தைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். தேங்காயை வீணாக உடைத்துவிட்டோமே என்று ஒருவர் வருத்தப்பட்டது என் காதில் விழுந்தது.

மதியம் ஆகிவிட்டது. பக்கத்து ஊர்தான் என்பதால் பேராசிரியரை அக்கா வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். பெட்டியையும் ஜீப்பில் விடாமல் அவர் உள்ளே கொண்டுவந்து தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார். அக்கா களியும் மொச்சைக் குழம்பும் பரிமாறினாள். களி உருண்டையை எங்கே தொடங்கி எப்படி விழுங்குவது என்று அவர் தவித்ததைப் பார்த்து, பிள்ளை போனபிறகு முதல் தடவையாக அக்கா லேசாகச் சிரித்தாள். பிறகு, அந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று கேட்டாள். அவர் சந்தோஷமாகச் சொன்னார். “கண்ணாடித் தட்டும்மா. மேல மருந்தைப் பரப்பியிருக்கோம். இருட்டுல மூடி வெச்சுடுவோம். வானத்துல இருந்து ஏதாவது வந்து அது வழியாப் போனா தடம் விழும். அப்புறமா எடுத்துப் பார்ப்போம்.”

அக்கா கையில் இருந்த கரண்டியைச் சட்டிக்குள் வைத்துவிட்டாள். “எல்லாத்துக்கும் தடம் விழுமுங்களா?” என்று கேட்டாள். “கனமில்லாததுக்கு?”

இந்தக் கேள்வியில் பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது. எங்கள் மாணவர்களே இதைக் கேட்கச் சில மாதங்கள் ஆகும். “கனத்தைப் பொறுத்தது இல்லேம்மா. மின்சாரம் ஏறினதுக்குத்தான் தடம் விழும். மின்சாரம் இல்லாதது ஒரு புள்ளிகூட விடாம போயிடும். அப்படி எத்தனையோ போயிண்டிருக்கு” என்றார்.

“அப்ப அது வந்துச்சா வரலியான்னு எப்பிடிங்க தெரியும்?”

“சில சமயம் வழியில ஒண்ணை மோதி உடைச்சிருக்கும். உடைஞ்ச இடத்தைப் பார்த்து, இது வழியா ஒண்ணு வந்திருக்குன்னு சொல்லுவோம். அதுவும் இல்லேன்னா தெரியாது. தடம் இல்லேங்கறதுக்காக வரலேன்னு நாங்க சொல்ல மாட்டோம். எங்களுக்குத் தெரியலேன்னுதான் சொல்லுவோம். அதுதான் சரி.”

அக்கா எதைக் கேட்கிறாள் என்பது எனக்குத் தெரியும். பேராசிரியர் எதைச் சொல்கிறார் என்பதும் தெரியும். அவருக்கு அந்த வீட்டில் ஒரு பிள்ளை இருந்ததே தெரியாது. அக்கா அவருக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நாங்கள் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்து, அதுவரை எந்த விருந்தாளியையும் கும்பிடாத அக்கா அவரைக் கும்பிட்டாள். நல்ல மரியாதை தெரிந்த குடும்பம் என்று அவர் ஜீப்பில் சொல்லிக்கொண்டு வந்தார்.

மாசி வந்தது. பிள்ளை போன நாளுக்கு நான் போயிருந்தேன். பொழுது சாயும்போது அக்கா அந்த மூலையை மெழுகிக்கொண்டிருந்தாள். மாவை இரண்டு தடவை சலித்து வைத்திருந்தாள். எறும்பு வராமல் சுற்றிலும் மஞ்சள் தூள் கோடு போட்டிருந்தாள். போய் ஒரு வருடம் ஆன பிள்ளைக்கு மறுபடி மாவு பரப்புகிற வழக்கம் எங்கேயும் இல்லை. மாமியார் தலையில் அடித்துக்கொண்டு வெளியே போய்விட்டார். அக்கா என்னைப் பார்த்து, “உங்க சாரு சொன்னாரில்ல, தடம் இல்லைன்னா வரலைன்னு அர்த்தம் இல்லன்னு. போன வருசம் வந்தானோ என்னமோ. நான்தான் வெக்காதேன்னு அடிச்சிருந்தேனே. இப்ப வெய்யின்னு சொல்றேன்” என்றாள். பிறகு மாவுக்கு முன்னால் உட்கார்ந்து, “கால் வெய்யி சாமி, அம்மா ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று சொல்லிவிட்டுக் கூடையைக் கவிழ்த்தாள். விடிந்து பார்த்தோம். மாவு பரப்பியபடி இருந்தது. அக்கா அழவில்லை. மாவைக் கூட்டி அள்ளிக் குருவிகளுக்குப் போட்டாள்.

எனக்குப் பேராசிரியர் மேல் கோபம் வந்தது. மாமியார் சொன்ன ‘வரல’ என்ற பேச்சு மட்டும் நின்றிருந்தால் காலம் அதை ஆற்றியிருக்கும். இவருடைய சரியான பேச்சு வந்து ஆறுகிற புண்ணைத் திறந்து வைத்துவிட்டது. பெங்களூர் போனதும் நடந்ததையெல்லாம் அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த தட்டை மெதுவாக மேசையில் வைத்தார். “நான் துகளைப் பத்தித்தானேப்பா சொன்னேன்” என்றார். இரண்டு முறை அதையே சொன்னார். இதற்கும் சாமிக்கும் சம்பந்தமில்லை என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர், தன் வாயிலிருந்து போன ஒரு வாக்கியம் எங்கோ ஒரு வீட்டில் மாவுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமையே என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அக்கா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பேசினார். “அம்மா, அன்னிக்கு நான் சொன்னது எங்க ஆராய்ச்சியைப் பத்தி. உங்க கொழந்தை விஷயம் எனக்கு அப்போ தெரியாது. அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் கிடையாது. கொழந்தை வந்துதா இல்லையாங்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா.”

“அதைத்தானுங்க அன்னிக்கும் சொன்னீங்க” என்றாள் அக்கா. “எல்லாரும் வரலைன்னு சொன்னாங்க. தெரியலைன்னு சொன்னது நீங்க ஒருத்தருதாங்க.”

பேராசிரியர் மோரைக் குடித்தார். அந்த மூலையை ஒருமுறை பார்த்தார். திரும்பி வருகிற வழியில் அத்திப்பள்ளி தாண்டும்போது தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி, “வாக்கியம் சரிதான். போய்ச் சேர்ந்த இடம்தான் வேற. அங்கிருந்து அதைப் பிடுங்கிண்டு வர எனக்குத் தைரியம் இல்லேப்பா” என்றார். அதற்குப் பிறகு அவர் இருந்தவரை, ஒவ்வொரு மாசி முடிந்தும் என்னைக் கேட்பார். “அக்கா பரப்பினாங்களா?” பரப்பினார்கள் என்பேன். “என்ன?” என்பார். தெரியவில்லை சார் என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதில் ஒரு தடவைகூடக் கிண்டல் இருந்ததில்லை.

பிறகு அக்காவுக்கு ஒரு பெண் பிறந்தாள். வீட்டில் சிரிப்பு வந்தது. ஆனாலும் மாசி வந்தால் அந்த மூலை மெழுகப்படும். ஒரு வருடம் கூடையின் விளிம்பு பிளந்து, அந்த இடைவெளியில் பல்லி நுழைந்துவிடும் என்று அக்கா கவலைப்பட்டாள். ஆராய்ச்சி நிலையத்தில் கிடந்த செம்புக் கம்பியைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய்க் கட்டிக் கொடுத்தேன். எதற்கு என்று கேட்ட பேராசிரியர், பதிலைக் கேட்டதும் இன்னும் ஒரு முழம் சேர்த்து வெட்டிக் கொடுத்தார்.

மாமா பேசாத மனிதர். ஒரு வருடம் அவருக்குத் தாங்கவில்லை போலிருக்கிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து போய்க் கூடையைத் தூக்கி, கையை மூடி, மூடிய கையின் பக்கவாட்டை மாவில் அழுத்தி, விரல் நுனியால் ஐந்து புள்ளி வைத்து, குட்டிக் காலடிகள் இரண்டு செய்துவிட்டு வந்து படுத்துவிட்டார். நானும் அன்று அங்கே இருந்தேன். அக்கா கூடையை எடுத்தாள். குனிந்து நெடுநேரம் பார்த்தாள். “ரெண்டும் வலது காலா இருக்குதே” என்றாள். மாமா ஒரே கையால் இரண்டையும் செய்திருந்தார். அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே மாமாவைப் பார்த்தாள். அவர் வாசற்படியில் நின்றபடி, பிள்ளையைப் புதைத்த அன்றுகூட அழாதவர், துண்டை வாயில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அக்கா அந்தத் தடங்களைக் கலைக்காமல் கொஞ்சநேரம் வைத்திருந்தாள். பிறகு அதையும் அள்ளிக் குருவிகளுக்குப் போட்டுவிட்டாள். பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்லக்கூடாது என்று எங்களுக்குப் பேராசிரியர் ஓயாமல் சொல்வார். அக்காவுக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

அவளுக்கு எழுபது தாண்டியபிறகு ஒருமுறை கேட்டேன். இத்தனை வருடமாக ஒன்றும் விழவில்லையே, இன்னும் வருவான் என்று நம்புகிறாயா என்று. அப்போது மாமா இல்லை. காட்டைத் தொழிற்பேட்டைக்காரர்கள் எடுத்துக்கொண்டு, கேழ்வரகும் அவரையும் விளைந்த இடத்தில் தகரக் கூரை போட்ட பட்டறைகள் வந்துவிட்டன. “நம்பறதா? அதெல்லாம் எனக்குத் தெரியலடா” என்றாள். “ஒருக்கா மாவுல கால் வெக்காதேன்னு சொல்லிட்டேன். நான் பரப்பாம விட்டா, திரும்பவும் வராதேன்னு சொன்ன மாதிரி ஆயிடுமில்ல? ரெண்டு தரம் சொல்ல என்னால முடியாதுடா.”

மின்சாரம் இல்லாத துகளை அது உடைத்த இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்போம் என்று பேராசிரியர் அன்று சொன்னார். அந்தப் பிள்ளை மாவில் தடம் வைக்கவில்லை. ஆனால் ஒருவன் வந்தான், மூன்று வருடம் இருந்தான், போனான் என்பதற்கு அக்காவைத் தவிர வேறு சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை. இதைப் பேராசிரியரிடம் சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருக்க மாட்டார். இரண்டையும் கலக்காதே என்றுதான் சொல்லியிருப்பார். அவர் சொல்வது சரி. எனக்குக் கலக்காமல் இருக்கத் தெரியவில்லை.

போன ஆடியில் அக்கா போய்விட்டாள். மகள் வீட்டில், வழவழப்பான டைல்ஸ் தரையில், தூக்கத்திலேயே போனாள். காரியத்துக்கு முந்தின நாள் மாவு பரப்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்த வழக்கம் தெரிந்தவர்களே அந்த வீட்டில் இல்லை. நான்தான் அக்கா மகளிடம் கேட்டு, அவள் அம்மாவின் பெட்டிக்குப் பின்னால் இருந்த கூடையை எடுத்தேன். முழங்கால் மடங்காத வயதில் தரையில் உட்கார்ந்து மாவைச் சலித்துப் பரப்பினேன். காலையில் அக்கா மகள் கூட வந்து நின்றாள். கூடையைத் தூக்கினேன். மாவு பரப்பியபடி இருந்தது. என் கண்ணும் இப்போது நம்பக்கூடிய கண் இல்லை, அதனால் வெகுநேரம் பார்த்தேன்.

“அம்மா வரலியா மாமா?” என்று கேட்டாள்.

“தெரியலம்மா” என்றேன். கூடையை நான் எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

இப்போது தை முடியப் போகிறது. நேற்று மருமகளிடம், பரணிலிருந்து கூடையை இறக்கித் தர வேண்டும், கொஞ்சம் பச்சரிசி மாவும் வேண்டும் என்று சொன்னேன். கோலத்துக்கா மாமா என்றாள். இல்லை என்றேன்.

“ஒரு சின்னப் பையன். வந்தாலும் வருவான்.”

அவள் நாற்காலியைப் போட்டு ஏறி, கூடையை இறக்கி, தூசி தட்டி, என் கையில் கொடுத்தாள்.